தண்ணீர் நிற்கும் கொல்லையிலும் காய்கறி... மூன்று மேட்டுப்பாத்தி போதும்!

‘ஆடியில் கத்தரி, மிளகாய் போட்டோம். செழிப்பாக வந்தது. பூ எடுத்துக் காய்க்க ஆரம்பித்த நேரத்தில் மழை பிடித்தது. மூன்று நாள் தண்ணீர் நின்றது. எல்லாம் வாடிப்போனது. எங்கள் மண்ணுக்குக் காய்கறி வராதா?’

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள். ஒருமுறை இப்படி நட்டப்பட்டவர்கள், மறுபடி விதை வாங்குவதில்லை. நெல் போடுகிற வீட்டில்கூடக் கீரைக்கட்டைக் கடையில் வாங்குகிற நிலை இப்படித்தான் வந்தது.

குறை மண்ணில் இல்லை, மட்டத்தில் இருக்கிறது. தரைமட்டத்தில் பாத்தி போட்டால் போய்விடுகிற செடி, தரைக்கு மேல் ஒன்றேகால் அடி உயரத்தில் இருந்தால் அதே மழையில் பிழைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்துக்கு மேட்டுப்பாத்தி அழகுக்காகச் செய்கிற வேலையல்ல. கார்த்திகை மாதத்தைத் தாண்டுவதற்கான வழி.

ஏன் இங்கே தண்ணீர் நிற்கிறது?

இது ஏரிப்பாசன பூமி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, திருநின்றவூர் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று வரிசையாக ஏரிகள். இவற்றின் ஆயக்கட்டில் நெல் விளைந்தது. நெல்லுக்கு நீரைப் பிடித்து வைக்கும் களிமண் வேண்டும். அதே நிலம்தான் பிறகு மனைகளானது. பல மனைகளில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். ரோடு போடப்போட தெரு உயர்ந்து, பழைய வீடுகளின் கொல்லை பள்ளமாகிவிட்டது. மேலே இடிபாடு, அடியில் களிமண், சுற்றிலும் உயரமான தெரு. தண்ணீர் எங்கே போகும்?

பட்டக் கணக்கையும் பாருங்கள். ஜூலை நடுவில் கத்தரி விதைத்தால், நாற்றுப் பிடுங்கி நட ஆகஸ்ட் பாதியைத் தாண்டும். நட்ட 60-ம் நாள் வாக்கில் முதல் காய். அதாவது அக்டோபர் மூன்றாம் வாரம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே சமயம்தான். மிளகாய்க்கு இன்னும் நாளாகும். அது நவம்பரில்தான் காய்ப்புக்கு வரும். ஆடிப்பட்டச் செடி நமக்குப் பலன் தரவேண்டிய இரண்டு மாதமும், பெருமழையின் இரண்டு மாதமும் ஒன்றே. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூரில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. இரண்டுமே கார்த்திகையில் நடந்தவை.

வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றைத் தண்ணீர் வெளியேற்றிவிட்டால் வேர் மூச்சு முட்டுகிறது. மிளகாயும் தக்காளியும் இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை. சுற்றிலும் ஈரம் இருக்கும்போதே இலை வாடித் தொங்குவது இதனால்தான். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுபவர்களும் உண்டு.

நமக்குப் புதிதல்ல

வெற்றிலைக் கொடிக்காலில் மேடும் பள்ளமுமாகப் பாத்தி எடுப்பது நம் பழைய வழக்கம். காய்கறி நாற்றங்காலையும் மேட்டுப்பாத்தியில்தான் விடுகிறோம். அதே முறையைக் கொல்லைக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். வெளிநாட்டிலும் இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு, கியூபாவுக்கு உணவும் உரமும் டீசலும் வருவது நின்றுபோனது. அப்போது தலைநகர் ஹவானாவில், காலி மனைகளிலும் மண் சரியில்லாத இடங்களிலும் கல்லாலும் சிமென்ட் பலகையாலும் கரை கட்டி, உள்ளே மண்ணும் மக்கும் நிரப்பிக் கீரையும் காய்கறியும் விளைத்தார்கள். அடிமண் கெட்டிருந்தாலும் அதன்மேல் நல்ல மண்ணை ஏற்றி விளைவிக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

முதலில் உயரத்தைக் குறியுங்கள்

கடந்த மழையில் காம்பவுண்ட் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பாருங்கள். கறை இருக்கும். அந்த மட்டத்துக்கு மேலே, குறைந்தது 8 அங்குலம் மண் இருக்கவேண்டும். தண்ணீர் அரை அடி நின்றிருந்தால், பாத்தியின் உயரம் 14 அங்குலம். இதுதான் கணக்கு.

முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற இடமென்றால், அங்கே பாத்தியை நம்பி மழைக்காலப் பயிர் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து பைகளில் மிளகாயும் கீரையும் வைத்துத் திண்ணையில் காப்பாற்றிக்கொண்டு, மார்கழிக் கடைசியில் பாத்திக்கு வாருங்கள்.

வடிகால் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை. ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் நான்கு மணி நேரம் கழித்தும் நின்றால், உங்கள் கொல்லைக்கு மேட்டுப்பாத்தி கட்டாயம்.

இடத்தைப் பொறுத்தவரை, தினமும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழவேண்டும். செப்டிக் டேங்க், சலவைக்கல் பக்கம் வேண்டாம்.

அரை யூனிட் மண், மூன்று பாத்தி

தொடக்கத்திலேயே கொல்லை முழுக்கப் பாத்தி கட்டவேண்டாம். மூன்று போதும். ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 4 அடி அகலம். இருபுறமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்டவேண்டும். அதற்குத்தான் 4 அடி. சுவரை ஒட்டி அமைத்தால் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். பாத்திக்குள் கால் வைத்து மிதிக்கவே கூடாது. நடுவே இரண்டடி நடைபாதை விட்டு, அதைச் சற்றே சரிவாக வெட்டித் தெருப்பக்கமோ மழைநீர்க் குழிக்கோ வழி காட்டிவிடுங்கள். மழையில் அந்த நடைபாதைதான் உங்கள் வாய்க்கால்.

கரைக்கு ஹாலோ பிளாக் வசதி. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரக் கல்லை இரண்டு வரிசை அடுக்கினால், ஒரு பாத்திக்கு 36 கல் பிடிக்கும். கீழ்வரிசையை 2 அங்குலம் மண்ணில் பதித்தால், தரைக்கு மேல் 14 அங்குலம் கிடைக்கும். சிமென்ட் வைத்துப் பூசாதீர்கள். இடுக்கு வழியாகத் தண்ணீர் வடியட்டும். பழைய செங்கல், பனங்கட்டை, உடைந்த கடப்பாக்கல் எது கையில் கிடைத்தாலும் சரி. தென்னங்கட்டை சீக்கிரம் கரையான் பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் துண்டும், பெயின்ட் அடித்த பழைய மரமும் ஆகாது.

உள்ளே நிரப்பும் முறை:

தரையைக் கடப்பாரையால் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கிளறுங்கள். சிமென்ட் கட்டி, கண்ணாடி, பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுங்கள். அடியில் ஜல்லி பரப்பத் தேவையில்லை. கிளறிய தரையே நீரை வாங்கிக்கொள்ளும். பெருச்சாளித் தொல்லை இருந்தால், இந்த நிலையிலேயே கம்பிவலை விரித்துவிடுங்கள். பிறகு செய்ய முடியாது.

அதன்மேல் 4 அங்குலத்துக்குத் தேங்காய் மட்டை, காய்ந்த வாழைச்சருகு, உதிர்ந்த இலை. இது கோடையில் ஈரம் பிடித்து வைக்கும். மெல்ல மக்கி உரமாகும்.

அதற்கு மேல் 10 அங்குலம் மண்கலவை. பாதி செம்மண், கால் பங்கு நன்கு மக்கிய தொழு உரம், கால் பங்கு இலைமக்கு அல்லது மக்கிய தென்னைநார்க் கழிவு. மூன்று பாத்திக்கும் சேர்த்துச் சுமார் 80 கன அடி கலவை பிடிக்கும். லோடு மண் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆகவே அரை யூனிட் செம்மண் வாங்கினால் போதும், பின்னால் ஈடுகட்டவும் மிஞ்சும். தொழு உரம், இலைமக்கு இரண்டும் சிமென்ட் சாக்கு அளவில் தலா 16 மூட்டை.

தொழு உரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாண வாடை இல்லாமல், மண்வாசனையோடு பொலபொலவென்று உதிர வேண்டும். பாதி மக்கிய சாணம் கரையானையும் வெள்ளைப்புழுவையும் கூட்டிவரும்.

ஏரி வண்டல் அருமையான மண். ஆனால், கழிவுநீர் சேரும் ஏரியின் வண்டல் காய்கறிக்கு, அதிலும் கீரைக்கு வேண்டாம். கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளில் கழிவுநீர் கலப்பது பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கே நடந்திருக்கிறது. தொழிற்பேட்டை ஓரத்து மண்ணுக்கும் இதே எச்சரிக்கைதான். மண்ணில் சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். திருவள்ளூர் மாவட்டம் திரூரில், நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. வீட்டுத்தோட்டச் சந்தேகங்களுக்கும் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

நிரப்பியவுடன் விதைக்காதீர்கள். நான்கு வாரம் ஈரம் காட்டி, மூடாக்குப் போட்டு ஆறவிடுங்கள். வாரம் ஒருமுறை ஜீவாமிர்தம் தெளிக்கலாம். வீட்டளவுக்கு அரைக் கிலோ நாட்டு மாட்டுச் சாணம், அரை லிட்டர் கோமியம், 100 கிராம் வெல்லம், 100 கிராம் பயறு மாவு, ஒரு பிடி மண், 10 லிட்டர் தண்ணீர் போதும். இரண்டு, மூன்று மாதத்தில் மண் கால் பங்கு இறங்கும். பயப்படாதீர்கள். மழைக்கு முன்பு, மிஞ்சிய மண்ணோடு மக்கு கலந்து பழைய உயரத்துக்கு நிரப்பிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கரை 14 அங்குலம் இருக்கும், மண் 10 அங்குலம்தான் இருக்கும். உயர்த்திக் கட்டியதன் பலன் போய்விடும்.

வைகாசியில் கட்டி, ஆனியில் ஆறவிட்டு, ஆடியில் விதைப்பது சரியான வரிசை. அது தவறினால் மார்கழியில் கட்டித் தையில் தொடங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தைப்பட்டமே சுலபம். கன்று பிடிப்பதற்குள் மழை வந்து கெடுக்காது.

எந்தப் பாத்தியில் எது?

முதல் பாத்தி கீரைக்கு. பாதியில் சிறுகீரை, பாதியில் அரைக்கீரை. விதையை மணலோடு கலந்து தூவுங்கள். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை வெட்ட வெட்ட மாதக்கணக்கில் துளிர்க்கும். வாரம் ஒரு கால் பகுதியாக விதைத்து வந்தால், கீரை இடைவெளியில்லாமல் கிடைக்கும்.

இரண்டாம் பாத்தி கத்தரி, மிளகாய், தக்காளி குடும்பத்துக்கு. இரண்டடிக்கு இரண்டடி என்றால் ஒரு பாத்தியில் 8 செடி. நான்கு கத்தரி, நான்கு மிளகாய் என்று தொடங்குங்கள். கத்தரியில் பாலூர்-1, தக்காளியில் பெரியகுளம்-1 நம் சூழலுக்கு வருபவை.

மூன்றாம் பாத்தியில் வெண்டை, கொத்தவரை. வெண்டையை மூன்று வரிசையாக, அடிக்கு ஒரு செடி வைத்தால் 24 செடி. 45-50 நாளில் காய்க்கத் தொடங்கும். நரம்புத் தேமலைத் தாங்கும் அர்கா அனாமிகா கிடைத்தால் நல்லது. கொத்தவரைக்கு பூசா நவ்பகார்.

ஒவ்வொரு பட்டத்துக்கும் குடும்பத்தை மாற்றுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று இருந்த பாத்தியில் மற்றொன்றை உடனே வைத்தால், வாடல் நோயும் நூற்புழுவும் தொடரும். பாத்தி மூலைகளில் துலுக்கச் சாமந்தி வையுங்கள். நூற்புழுவுக்கு அது ஆகாது.

பந்தல் காய் போடுவதானால் மேற்குப் பக்கம் போடுங்கள். புடலையும் பாகலும் ஏறி, சித்திரை வெயிலில் சாயங்கால நிழல் தரும். தெற்கே போட்டால், மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது பாத்திகள் முழுக்க நிழலாகிவிடும்.

மழை மாதத்தில் என்ன செய்வது?

புரட்டாசியிலேயே செடிகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டுங்கள். 2016-ல் வர்தா வந்தது போல் காற்றடித்தால், குச்சி இல்லாத கத்தரி வேரோடு சாயும். ஐப்பசியில் கீரை விதை தூவாதீர்கள். ஒரே மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி தண்டுகளை நடுங்கள். ஈரம் அவற்றுக்குக் கொண்டாட்டம். மழைக்குப் பிறகு இரவில் டார்ச் அடித்து நத்தைகளைப் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

சாக்கடைத் தண்ணீர் கலந்த வெள்ளம் பாத்தியின் மேல் ஏறிவிட்டால், நின்ற கீரையைப் பிடுங்கிப் போட்டுவிடுங்கள். சமைக்க வேண்டாம். மண் நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்கலாம்.

மழை ஓய்ந்ததும் முள்ளங்கி, அவரை, தக்காளி. இந்த வட்டாரத்தில் தக்காளியின் நல்ல காலம் மார்கழி முதல் பங்குனி வரை. சித்திரை வெயிலில் பூ கொட்டும். எனவே 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்ற மாதிரியான விலையேற்றத்தைக் கொல்லைத் தக்காளி நேரடியாகத் தடுக்காது. மாசியில் மிஞ்சுவதைத் தொக்காகக் கிளறி வைத்தால் உண்டு.

தண்ணீரும் பூச்சியும்

ஒரு பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு குடம் போதும். கோடையில் ஒன்றரைக் குடம். மேட்டுப்பாத்தி சீக்கிரம் காயும். ஆகவே வைக்கோலோ சருகோ இரண்டு அங்குலம் மூடாக்கு இல்லாமல் விடாதீர்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் நல்லது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளை பூக்கும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து அடிக்கடி மாற்றி விடுங்கள்.

அசுவினி, வெள்ளை ஈ தெரிந்தால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யா, 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி.

எவ்வளவு கிடைக்கும்?

ஒருவருக்கு நாளுக்கு 300 கிராம் காய்கறி என்ற பழைய ஊட்டச்சத்துக் கணக்கை எடுத்தாலே, நால்வர் குடும்பத்துக்கு மாதம் 36 கிலோ வேண்டும். அதை 96 சதுர அடியில் எடுக்க முடியாது. ஆண்டு முழுவதற்கும் ஒரு குடும்பத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு சுமார் 5 சென்ட். ஆகவே வெங்காயமும் உருளையும் சந்தையில் இருந்து வரட்டும். அறுத்த அன்றே தின்றால்தான் ருசி என்கிற கீரை, வெண்டை, பிஞ்சுக் கத்தரி, நினைத்தபோது பறிக்கிற மிளகாய் ஆகியவை கொல்லையிலிருந்து வரட்டும். வாரத்தில் மூன்று, நான்கு நாள் கீரையும் பொரியலும் சொந்தப் பாத்தியிலிருந்து வந்தால், அதுவே முதல் ஆண்டுக்கு வெற்றி. ஒரு கார்த்திகையைத் தாண்டிவிட்டால், நான்காவது பாத்தி கட்டுவதா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாசகர் கேள்விகள்

இதே பாத்தியை மொட்டைமாடியில் கட்டலாமா?

வேண்டாம். ஈர மண்ணோடு ஒரு பாத்தி ஒரு டன்னைத் தாண்டும். மாடிக்குத் தென்னைநார் கலந்த பைகளே சரி.

இடிபாடு கொட்டிய மனையில் செடி வெளுத்து மஞ்சளாகிறதே?

சுண்ணாம்பும் சிமென்டும் மண்ணைக் களர்த்தன்மைக்குத் தள்ளும். இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இடிபாட்டை ஓரடி ஆழத்துக்கு அகற்றிவிட்டு, மேலே பாத்தி கட்டுங்கள். மக்கு கூடுதலாகச் சேருங்கள்.

ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரை ஊற்றலாமா?

கூடாது. உப்பு அதில்தான் சேர்ந்திருக்கும். நடைபாதை கழுவப் பயன்படுத்துங்கள்.

முருங்கை, வாழையைப் பாத்தியில் வைக்கலாமா?

வேர் பாத்தியை அடைத்துக்கொள்ளும். முருங்கைக்கு மூலையில் தனியாக மண்மேடு போடுங்கள். தண்ணீர் நின்றால் அதுவும் அழுகும். வாழை, குளியலறைத் தண்ணீர் போகிற பக்கம் இருக்கட்டும்.